ஒரு பல் கூடினால் மீட்டர் ஏன் குறைத்துச் சொல்கிறது?

பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் பெரிதாக்கினால் மைலேஜ் கூடுமா, குறையுமா? நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். "கூடுச்சு"ன்னு ரெண்டு பேர், "குறைஞ்சிடுச்சு"ன்னு ரெண்டு பேர் சொல்வார்கள். இரண்டு தரப்பும் டேங்க் நிரப்பி, ஓடோமீட்டர் பார்த்து, வகுத்துக் கணக்குப் போட்டவர்கள்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களில் சிலருடைய மீட்டர் பொய் சொல்கிறது.

அதே வேலையை 1960களின் புல்லட்டில் செய்தால் மீட்டர் அசையாது. இருபது வருடத்துக்கு முந்தைய சில ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் செய்தால் வேகமும் தூரமும் சேர்ந்தே தப்பாகும். இன்றைய ஏபிஎஸ் வண்டியில் செய்தால் பெரும்பாலும் வேகம் சரியாகவே காட்டும், வேறொரு இடத்தில் குழப்பம் வரலாம். மூன்று காலம், ஒரே மாற்றம், மூன்று விளைவு. மீட்டர் வண்டியின் எந்த இடத்திலிருந்து எண்ணுகிறது என்பதன் வரலாற்றில்தான் இதற்கான விடை இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பல் கணக்கு

கணக்கை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

முன்னால் 15 பல் போட்டால் இது 2.8 ஆகிறது, அதாவது 6.7 சதவீதம் குறைவு. அதே கியரில், அதே வேகத்தில் இன்ஜின் 6.7 சதவீதம் மெதுவாகச் சுற்றும். 6000 ஆர்பிஎம்மில் போன வண்டி 5600-இல் போகும். ஹைவேயில் இரைச்சல் குறையும். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வரும் அதிர்வு கொஞ்சம் மேல் வேகத்துக்குத் தள்ளிப்போகும். பதிலுக்குப் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவிசையும் அதே 6.7 சதவீதம் குறையும். மேட்டில், இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டியிருக்கும். 13 பல் போட்டால் எல்லாம் தலைகீழ். பிக்கப் கூடும், இன்ஜின் பிரேக்கிங்கும் கூடும், ஆனால் 80-லேயே இன்ஜின் கத்தும்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் இதே மாற்றத்தைக் கொண்டுவர மூன்று பல் மாற்ற வேண்டும். 42-ஐ 39 ஆக்கினால் 7.1 சதவீதம். அதனால்தான் முன்னால் ஒரு பல் மாற்றுவது மெக்கானிக்குகளுக்குப் பிடித்த வேலை. சின்ன பாகம், விலை குறைவு, பலன் பெரிது.

இதில் இரண்டு பக்க விளைவுகள் உண்டு. செயின் வளைந்து போவது வட்டத்தில் இல்லை, பலகோணத்தில். 14 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் 14 பக்கம் உள்ள பலகோணம். அதனால் ஸ்ப்ராக்கெட் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் 11 பல்லில் சுமார் 4 சதவீதம், 14 பல்லில் 2.5, 17 பல்லில் 1.7. ஸ்ப்ராக்கெட் சின்னதாக ஆக செயின் அதிகம் மடங்குகிறது, அதிகம் உதறுகிறது, சீக்கிரம் தேய்கிறது. இன்னொன்று, செயின் நீளம் மாறாமல் ஒரு பல் கூட்டினால் பின் அச்சு சுமார் 4 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். ஸ்விங் ஆர்மில் அட்ஜஸ்ட் செய்ய அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும்.

விகிதமே இல்லாத காலம்

இந்த விகிதம் என்கிற விஷயம் சைக்கிளில் வருவதற்கு முன் வேகத்தை எது தீர்மானித்தது? சக்கரத்தின் அளவு. முன்னால் ராட்சச சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் உள்ள பழைய சைக்கிள் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சில் இருக்கும். ஒரு மிதி என்றால் ஒரு சுற்று. வேகமாகப் போக வேண்டுமா, பெரிய சக்கரம் வாங்கு. சக்கரம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளம் முடிவு செய்தது.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற பாதுகாப்பு சைக்கிளைக் கொண்டுவந்தார். செயின் மூலம் பின் சக்கரத்தை இயக்கும் இன்றைய வடிவம் அது. சின்னச் சக்கரத்தையே பல் விகிதத்தால் பெரிய சக்கரம் போல நடந்துகொள்ள வைத்தது. அதன் அடையாளம் இன்றும் சைக்கிள்காரர்கள் பேசும் 'கியர் இன்ச்' என்ற அளவில் இருக்கிறது. முன்னால் 40 பல், பின்னால் 20 பல், சக்கரம் 28 இன்ச் என்றால் 56 கியர் இன்ச். அந்தப் பழைய ராட்சச சைக்கிளில் 56 இன்ச் சக்கரம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி என்று அர்த்தம். வண்டி வழக்கொழிந்து போயிற்று, அதன் அளவுகோல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

அந்தச் செயினுக்கு ஒரு தனிக் கதை உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஊரில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட் 1873-இல் மான்செஸ்டருக்கு வந்தார். 1879-இல் பக்கத்திலுள்ள சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரின் சின்ன செயின் பட்டறையை வாங்கினார். அங்கே செய்தது நெசவு இயந்திரங்களுக்கான செயின். மறு வருடமே, 1880-இல், புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னைச் சுற்றி ஒரு புஷ், அதைச் சுற்றி உருளும் ஒரு ரோலர். தேய்மானம் பரவலாகப் பிரிந்துபோகும். இன்று உங்கள் வண்டியில் இருப்பது அடிப்படையில் அதே செயின்தான்.

மோட்டார் சைக்கிளும் விகிதம் இல்லாமல்தான் தொடங்கியது. 1894-இல் மியூனிக்கில் வந்த ஹில்டெபிராண்ட் – வொல்ஃப்முல்லர், விற்பனைக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது. ரயில் இன்ஜின் மாதிரி, பிஸ்டனின் கனெக்டிங் ராடு நேராகப் பின் சக்கரத்தோடு இணைந்திருந்தது. பின் சக்கரம்தான் ஃப்ளைவீல். அடுத்து வந்தவற்றில் தோல் பெல்ட் பரவலானது. மழையில் வழுக்கும், மேட்டில் நழுவும். 1911-இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயம் முதன்முறையாக ஸ்னேஃபெல் மலைமேல் ஏறும் பாதையில் நடந்தது. அதன் சீனியர் பந்தயத்தில் செயின் டிரைவும் இரண்டு வேக கியர்பாக்ஸும் வைத்திருந்த அமெரிக்காவின் 'இண்டியன்' வண்டிகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. ஜெயித்தவர் ஆலிவர் காட்ஃப்ரே. அதற்குப் பிறகும் பெல்ட் சில வருடம் ஓடியது, ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிட்டது. செயின் வந்ததும், பந்தயப் பாதைக்குத் தகுந்தபடி ஸ்ப்ராக்கெட் மாற்றுவது பந்தயக்காரர்களின் அன்றாட வேலையானது. இன்றும் அப்படித்தான்.

சக்கரத்தை எண்ணிய மீட்டர்

இப்போது மீட்டர் பக்கம் வருவோம். தூரம் அளக்கும் கருவி சைக்கிளில்தான் பிரபலமானது. 1895-இல் அமெரிக்காவில் கர்டிஸ் வீடர் தன் சைக்ளோமீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். முன் சக்கரத்தின் ஒரு ஸ்போக்கில் ஒரு ஊசி, அச்சுப் பக்கம் ஒரு நட்சத்திரச் சக்கரம். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. இயந்திரம் எவ்வளவு எளிமையோ அவ்வளவு நேர்மை: தரையைத் தொடும் சக்கரம் சுற்றியதை மட்டுமே அது எண்ணியது.

வேகம் காட்டும் கருவிக்கு 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். அந்த அமைப்பு கிட்டத்தட்ட நூறு வருடம் தாக்குப்பிடித்தது. ஒரு கேபிள் சுற்றுகிறது, அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் அதன் மேல் ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையிலான சமரசம்தான் நீங்கள் பார்க்கும் முள். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

கேபிளின் இன்னொரு முனை எங்கே இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். நம் ஊரில் ஓடிய பெரும்பாலான வண்டிகளில் அது முன் சக்கரத்தில் இருந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கர ஹப்பிலிருந்து ஒரு கேபிள் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் மீட்டருக்குப் போகும். யமஹா ஆர்எக்ஸ் 100-இலும், ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரிலும் இதே கதைதான்.

பழைய புல்லட்டில் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை 16-இலிருந்து 17 ஆக்குவது நெடுந்தூரம் போகிறவர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை. ஸ்ப்ராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பிரைமரி கேஸைத் திறந்து, கிளட்ச்சைக் கழற்றித்தான் மாற்ற முடியும். அரை நாள் வேலை. ஆனால் மாற்றி முடித்ததும் மீட்டருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். முன் சக்கரத்துக்கும் செயினுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வண்டிகளில் "மைலேஜ் கூடுச்சு" என்று ஒருவர் சொன்னால் தைரியமாக நம்பலாம்.

கார்க்காரர்கள் செய்த ஏற்பாடு

கார் வேறு வழியில் போனது. ஆரம்ப காலக் கார்களில், ஃபோர்டு மாடல் டி மாதிரியானவற்றில், மீட்டரை முன் சக்கரத்திலிருந்தே இயக்கினார்கள். பிறகு கியர்பாக்ஸின் பின்முனைக்கு மாற்றினார்கள். சேறு தண்ணீர் படாது, கேபிள் சுருக்கம், திரும்பும் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டை எண்ணினால், அதற்குப் பிறகு சக்கரம் வரைக்கும் உள்ள விகிதம் இன்னது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரே கார் மாடலைப் பல பின் ஆக்சில் விகிதங்களோடு விற்ற அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் மீட்டர் கேபிளை ஓட்டும் சின்ன பிளாஸ்டிக் கியரைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வைத்தார்கள். பல் எண்ணிக்கை வேறு வேறு, அடையாளத்துக்கு நிறமும் வேறு வேறு. ஆக்சில் விகிதத்தை மாற்றினால் அந்தக் கியரையும் மாற்று, மீட்டர் சரியாகிவிடும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவனின் கண்ணால் பார்த்தால் இது ரொம்ப நல்ல வடிவமைப்பு. மாறக்கூடிய ஒரு எண்ணை இயந்திரத்துக்குள் புதைக்காமல், வெளியே எடுத்து மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை கான்ஃபிக் ஃபைல் என்போம். அவர்களுடைய கான்ஃபிக் ஃபைல் பிளாஸ்டிக்கில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்சார் வந்தது, அனுமானம் உள்ளே போனது

மோட்டார் சைக்கிளில் எலக்ட்ரானிக் மீட்டர் வந்தபோது கேபிள் ஒழிந்தது. அறுந்துபோகும் கேபிளுக்குப் பதில் ஒரு சின்ன சென்சார். அதை எங்கே வைப்பது? பல கம்பெனிகள் இன்ஜின் கேஸிலேயே வைத்தன. கியர்பாக்ஸில் ஏற்கெனவே சுற்றும் பற்சக்கரம் ஒன்று இருக்கிறது, ஒயரும் இரண்டு சாண் போதும், முன் சக்கரம் பக்கம் எதுவும் தொங்காது. 1999-இல் வந்த சுஸுகி ஹயபூசா இந்த வகைதான். முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் உட்கார்ந்து ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணுகிறது சென்சார்.

இங்கே கவனியுங்கள். சென்சார் எண்ணுவது ஸ்ப்ராக்கெட் விகிதத்துக்கு முன்னால் உள்ள சுற்றை. மீட்டருக்குள் இருக்கும் சிப்போ கம்பெனி போட்ட பல் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு அதை வேகமாக மாற்றுகிறது. கார்க்காரர்கள் வெளியே வைத்த எண், பல பைக்குகளில் சிப்புக்குள் நிரந்தரமாகப் போய்விட்டது. மாற்றுவதற்கு பிளாஸ்டிக் கியரும் இல்லை, மெனுவும் இல்லை.

இப்போது நம் 14 – 42 வண்டியில் 15 போடுவோம். நிஜத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் முன்பைவிட மெதுவாகச் சுற்றுவதால் மீட்டர் 93 என்று காட்டும். மீட்டர் 80 காட்டினால் நீங்கள் கிட்டத்தட்ட 86-இல் போகிறீர்கள். ஐ.நா.வின் ஸ்பீடோமீட்டர் விதி எண் 39, மீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூட்டிக் காட்டக் குறிப்பிட்ட அளவு இடம் கொடுக்கிறது. குறைத்துக் காட்ட இடமே கொடுக்கவில்லை. அதனால்தான் கம்பெனி மீட்டர்கள் பொதுவாக சில கிலோமீட்டர் கூட்டியே காட்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்று தீர்த்துவிடலாம்.

ஓடோமீட்டரும் அதே சிக்னலில்தான் ஓடுகிறது. நிஜத்தில் 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி 28,000 என்று காட்டும். யாரும் மீட்டரைத் திருப்பவில்லை, ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்குக் கிடைப்பது தப்பான எண். ஆயில் மாற்றும் கணக்கும் அதே அளவு தள்ளிப்போகும்.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். ஒரு பேச்சுக்கு, 14 பல்லில் லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி 15 பல்லில் நிஜமாகவே 42 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மீட்டர் தூரத்தை 6.7 சதவீதம் குறைத்து எண்ணுகிறது. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் வருவது 39.2. "சொன்னேன்ல, மைலேஜ் விழுந்துடுச்சு!" மறுபக்கம் ஒருவர் பிக்கப்புக்காக 13 போடுகிறார். நிஜ மைலேஜ் 38 ஆகக் குறைகிறது. அவர் மீட்டர் தூரத்தை 7.7 சதவீதம் கூட்டி எண்ணுவதால் கணக்கில் 40.9 வருகிறது. "பிக்கப்பும் ஏறுச்சு, மைலேஜும் ஏறுச்சு." இருவரும் சத்தியம் செய்யத் தயார். மைலேஜில் வரும் நிஜ மாற்றம் சின்னது, மீட்டரின் பிழை அதைவிடப் பெரிது. பெரிய பிழை சின்ன உண்மையை விழுங்கிவிடுகிறது. டிஸ்பிளேயில் சராசரி மைலேஜ் காட்டும் வண்டிகளிலும், தூரம் இந்த சென்சாரிலிருந்து வந்தால், இதே கதைதான்.

இதைச் சரிசெய்ய ஒரு தனிச் சந்தையே உருவானது. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. வரும் துடிப்புகளைச் சொன்ன சதவீதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ மீட்டருக்கு அனுப்பும். கார்க்காரர்களின் அந்த பிளாஸ்டிக் கியர் செய்த வேலையை, விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.

மறுபடியும் சக்கரத்துக்கு

பிறகு ஏபிஎஸ் வந்தது. 1988-இல் பிஎம்டபிள்யூ கே100 மூலம் மோட்டார் சைக்கிளுக்குள் நுழைந்த எலக்ட்ரானிக் ஏபிஎஸ், இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2018 ஏப்ரல் முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயமானது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று தெரிய வேண்டுமானால் சக்கரத்தையே பார்த்தாக வேண்டும், கியர்பாக்ஸைப் பார்த்துப் பயனில்லை. டிஸ்க் பக்கத்தில் வெட்டு வெட்டாக இருக்கும் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை எண்ண ஒரு சென்சார். சக்கரத்தில் சென்சார் இருக்கும்போது பல வண்டிகளில் மீட்டரும் அங்கிருந்தே வேகத்தை எடுத்துக்கொள்கிறது. சுற்றிச் சுற்றி 1895-இன் சைக்ளோமீட்டர் இருந்த இடத்துக்கே வந்துவிட்டோம். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்ப்ராக்கெட் மாற்றினால் ஏபிஎஸ்ஸும் கெடாது, வேகமும் தப்பாகாது. அங்கே கணக்கைக் கெடுப்பது டயரின் சுற்றளவு மாறுவதுதான்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? ஓரளவுக்குத்தான். சில வண்டிகளிலும், வெளியில் வாங்கிப் பொருத்தும் கருவிகளிலும், கியர் எண் காட்டும் டிஸ்பிளேவுக்குத் தனி சென்சார் கிடையாது. ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்து, வரும் எண் எந்தக் கியருக்குப் பொருந்துகிறது என்று பார்த்துச் சொல்லும். ஆறு கியர் வண்டியில் 5-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி பத்துப் பதினைந்து சதவீதம்தான் இருக்கும். ஸ்ப்ராக்கெட்டால் 7 சதவீதம் நகர்ந்தால் அந்த எண் இரண்டு கியருக்கும் நடுவில் போய் நிற்கும். டிஸ்பிளே 5, 6 என்று தடுமாறலாம். வேடிக்கை என்னவென்றால், சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. ஆர்பிஎம், ஷாஃப்ட் சுற்று இரண்டும் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால் இருப்பவை. முன்னது வேகத்தில் பொய், கியரில் உண்மை. பின்னது வேகத்தில் உண்மை, கியரில் சந்தேகம்.

மாற்றுவதற்கு முன்

பல் மாற்ற நினைப்பவர்கள் முதலில் சர்வீஸ் மேனுவலில் வேக சென்சார் எங்கே என்று பாருங்கள். தெரியாவிட்டால் வண்டியை சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றாமல் முன் சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். மீட்டர் அசைந்தால் முன் சக்கரம்தான். மாற்றிய பிறகு ஜிபிஎஸ்ஸோடு வேகத்தை ஒப்பிடுங்கள். மைலேஜ் கணக்குப் போடுவதானால், தூரத்தை ஓடோமீட்டரிலிருந்து எடுக்காமல் சாலையின் கிலோமீட்டர் கற்களிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ எடுங்கள். சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால், மாற்றிய தேதியையும் அன்றைய ஓடோமீட்டர் எண்ணையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு வண்டியை வாங்கப்போகிறவருக்கு அது நீங்கள் செய்யும் உபகாரம்.

மீட்டரில் தெரிவது நேரடியான உண்மை என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் அது எங்கோ ஒரு பல்லை எண்ணி, மீதியை அனுமானித்துச் சொல்லும் கணக்கு. எண்ணுவது முன் சக்கரமா, பின் சக்கரமா, ஷாஃப்ட்டா என்று தெரிந்தால், அந்தக் கணக்கை எப்போது நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.